எட்டும் தரையில்

பெல் செய்ய வாங்கிய சாமான்
பெல் இல்லாததால் திரும்பிப் போனது.
‘கதவு பூட்டு’ என்று எழுதிவிட்டான்
காரைக்குடியிலிருந்து வரும் கூரியர் ரஜபு.
பூட்டவில்லை. வாசல் ஒரு தெருவில்,
நான் வாடகைக்கிருக்கும் அடுக்களைக்கட்டு அடுத்த தெருவில்.
நடுவே இரண்டு வளவு, பதினொரு கதவு,
பங்காளிகள் ஆளுக்கொன்றாய்ப் போட்டுப் போன பூட்டுகள்.

மறுபடி ஆர்டர் போட்டேன்.
அன்று முழுக்க முகப்பிலேயே தையல் மிஷினைப் போட்டு
ஏழு ஜாக்கெட் தைத்துக் காத்திருந்து
கையெழுத்திட்டு வாங்கினேன்.

நானூற்று முப்பத்து மூன்று மெகாஹெர்ட்ஸ்.
அனுப்புகிறது ஒன்று, வாங்குகிறது ஒன்று,
இரண்டும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும்.
ஆன்டெனாக் கம்பி பதினேழு சென்டிமீட்டர்,
மேலே மூன்று மில்லிமீட்டர்.
பாவாடை அளக்கிற டேப்பால் அளந்து வெட்டினேன்.
ஈயம் வைக்கையில் ரோசின் புகைந்து
குங்கிலிய வாசம் கிளம்ப,
‘இன்னைக்கு வெள்ளியா?’ என்று எட்டிப்பார்த்தாள்
பக்கத்துப் போர்ஷன் தெய்வானை.

மேசையில் அடித்தது.
முதல் வளவில் அடித்தது.
இரண்டாம் நிலையைத் தாண்டியதும் செத்தது.
கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்தரைத்த சுண்ணாம்பு,
இரண்டடிச் சுவர்.
கள்ளனுக்காக எழுப்பினது
அலைக்கும் வழிவிடவில்லை.

சரி, வளவுக்கு மேலே வானம் திறந்துதானே கிடக்கிறது?
அனுப்புகிறதை ஊறுகாய் பாட்டிலுக்குள் அடைத்து
மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏற்றி
பொத்தானுக்கு மட்டும் வாசல்வரை ஒயர் இறக்கினேன்.
அன்று மாலையே அடுக்களையில் பெல்!
மாவுக் கையோடு பதினொரு கதவும் ஓடினேன்.
யாருமில்லை.

மறுநாளும் ஆறு நாற்பது. யாருமில்லை.
பல்லியைச் சந்தேகப்பட்டேன்,
எறும்பை, ஈரத்தை, அரைகுறையாய் உருகிய ஈயத்தை.
கடைசியில் என் காதை.

அந்த ஐசிக்கு முகவரிக் கால்கள் எட்டு.
மேலே கட்டினால் ஒன்று, தரையில் கட்டினால் சைபர்,
இருநூற்று ஐம்பத்தாறு வீட்டு எண் போடலாம்.
படத்தில் எட்டும் தரையில்.
நானும் அப்படியே கட்டியிருந்தேன்.
அப்படியென்றால் பள்ளத்தூரில் இன்னொருவர்
இதே படத்தைப் பார்த்து
இதே எட்டையும் தரையில் கட்டி
ஆறு நாற்பதுக்கு எதையோ அழுத்துகிறார்.

எதை என்று சிலிண்டர்காரர் வந்த அன்று தெரிந்தது.
பொறுமையில்லாத மனிதர், மூன்று தடவை அழுத்தினார்.
ஓடி, நின்று, மறுபடி ஓடியிருக்கிறது
அங்கே ஒரு மோட்டார்.
அரைமணியில் மேலத்தெருச் சந்தில் வெள்ளம்,
சித்திரை வெயிலில்.
நாலு ஆடு நின்று நிதானமாய்க் குடித்தன.
என் வீட்டுக்கு ஆள் வந்தபோதெல்லாம்
யார் வீட்டுத் தொட்டியோ நிரம்பியிருக்கிறது.

அன்றிரவே மூன்றாம் காலைத் தரையிலிருந்து பெயர்த்தேன்,
இரண்டு போர்டிலும்.
பெல் என்னுடையதாயிற்று.
ஆறு நாற்பதுக்கு அடுக்களை சும்மா இருந்தது.
அந்தச் சும்மா எனக்குச் சரிப்படவில்லை.
மிச்சமிருந்த ஐசியில் எட்டையும் தரையில் கட்டி
அரிசி டப்பா மேல் ஒரு பச்சை எல்இடி வைத்தேன்.
சத்தம் கிடையாது.
யாரோ தண்ணீர் ஏற்றுகிறார், அவ்வளவுதான் சொல்லும்.

நேரில் சொல்வது முறை என்று போனேன்.
சந்து முனையில் பித்தளைக் குமிழ் பதித்த கதவு.
தட்டினேன். வளையத்தை ஆட்டினேன்.
உள்ளே எத்தனை கட்டு தள்ளி இருக்கிறார்களோ.
அந்த வீட்டுக்கும் பெல் இல்லை.
பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து
கதவிடுக்கில் செருகினேன்:
‘தண்ணீர் வீணானது என்னால்.
மூன்றாம் காலை மாற்றிவிட்டேன். இனி தானாக ஓடாது.
பொன்னழகு, தையல், கீழத்தெரு.’

அன்று ஆறு நாற்பதுக்குப் பச்சை எரிந்தது.
அணைந்தது.
மறுபடி எரிந்தது.

மோட்டாரில் கோளாறாகவும் இருக்கலாம்.