சிவப்பு அம்பு

எனக்கு வேலை செக்கிங்.
அனுப்பர்பாளையத்துக் கம்பெனியில், டியூப்லைட்டுக்கு அடியில்,
பனியனை உள்வெளியாகப் புரட்டி
பிசிறு, ஓட்டை, எண்ணெய்க் கறை, தப்பிய தையல் தேடி
குறை இருக்குமிடத்தில்
சின்னதாய்ச் சிவப்பு அம்பு ஒட்டுவேன்.
ஷிப்டுக்கு எழுநூறு பீஸ்.
கண் பழகிவிட்டது. பஸ்ஸில் முன்னால் நிற்பவர்
சட்டையைக்கூட விடுவதில்லை.

கல்யாணமான ஒன்பதாவது வருசம்
அந்த அம்பை எடுத்து என் வயிற்றில் ஒட்டினார்கள்.
யாரென்று சொல்ல மாட்டேன்.
பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை
எனக்குப் பின் பெஞ்சில் உட்காருகிறவர்கள்.
ஜெபக்கூட்டம் முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு
வேதத்தில் வயசான பின் பெற்றவர்களை
வரிசையாகச் சொல்வார்கள்.
தனக்குப் பிறக்காத பிள்ளைக்குத்
தகப்பனாய் நின்ற தச்சனை மட்டும்
ஒருவரும் சொன்னதில்லை.

அதைச் சொன்னது எபநேசர்தான்.
பவர்டேபிள் மோட்டாரைப் பிரித்துப் போட்டு
கையெல்லாம் கிரீஸோடு,
"அவரு மட்டும் ரத்தம் பாத்தா பேரு குடுத்தாரு?"

விண்ணப்பம். போலீஸ் சான்று. சம்பளச் சான்று.
வீடு பார்க்க வந்த மேடம்
ஒற்றை அறையை, ஃபிரிட்ஜை, நாங்கள் சிரித்ததை
எல்லாம் குறித்துக்கொண்டு போனார்.
பிறகு மூன்று வருசம், நாலு மாசம்.
முதல் வருசம் முழங்காலில் நின்றேன்.
இரண்டாம் வருசம் படுத்துக்கொண்டே ஜெபித்தேன்.
மூன்றாம் வருசம்
கோயிலில் பாட்டு வரும்போது
உதட்டை மட்டும் அசைத்தேன்.
ஆடிக் காத்து தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்த ராத்திரியில்
ஆண்டவரே என்றுகூடச் சொல்லவில்லை.
"இருக்கீங்களா?" என்றேன்,
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது போல.
பதில் இல்லை. காத்துதான்.

போன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
சாப்பாட்டு பெல்லுக்குக் கொஞ்சம் முன்னால்.
பெண் குழந்தை. பதினாலு மாசம். சேலத்தில் இல்லம்.
பின்னாலேயே போட்டோ வந்தது.
மேல் உதட்டிலிருந்து மூக்குவரை ஒரு தையல்.
பிறக்கும்போதே பிளந்திருந்ததாம்,
இன்னுமொரு ஆபரேசன் பாக்கியாம்.
பதில் சொல்ல நாற்பத்தெட்டு மணி நேரம்.

வெட்கத்தோடு சொல்கிறேன்.
என் கட்டைவிரல் முதலில்
ஸ்டிக்கர் ரோலைத் தேடியது.

பாவாயியக்கா போனை வாங்கி
தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.
"ஏங் கண்ணு, எந்தக் கூட்டமோ, என்ன வம்சமோ...
வேற காட்டச் சொல்லு."
ஜவுளிக் கடையில் சொல்வது போலவே.

அன்று தூக்கமில்லை.
எந்த வசனமும் நினைவுக்கு வரவில்லை.
ஒரு கை மட்டும் வந்தது.
கல்லறையை விட்டு எழுந்த பிறகும்
ஆணித் துளையை அப்படியே வைத்துக்கொண்டு
பூட்டிய வீட்டுக்குள் வந்து நீட்டிய கை.
மரணத்தையே திருத்தியவருக்கு
ஒரு தழும்பைத் திருத்தத் தெரியாதா?
வைத்திருந்தார்.
அதைக் காட்டித்தான் நான்தான் என்றார்.
பதினோரு வருசச் செக்கிங்கில்
எனக்கு இது தோன்றியதே இல்லை.

விடிகாலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவரிடம்
"சரின்னு சொல்லிரலாங்க" என்றேன்.
குடம் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது.
அவர் குழாயை மூடவில்லை.

சேலத்தில் ஆயா அவளை என் மடியில் வைத்தபோது
அவள் அழவில்லை, சிரிக்கவில்லை.
கழுத்துச் சிலுவையைப் பார்த்தாள், விட்டுவிட்டாள்.
என் முழங்கையில் எப்படியோ ஒட்டிக்கொண்டு
கூடவே வந்துவிட்டிருந்தது ஒரு சிவப்பு அம்பு.
அதை நகத்தால் சுரண்டினாள்.
வெகு பொறுமையாக,
நாக்கு நுனி தையலைத் தொட்டுத் தொட்டு மீள,
ஓரம் கிளப்பி உரித்து
தன் விரலில் ஒட்டிக்கொண்டு
என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அப்போதுதான் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
நல்ல தையல்.
யார் கை வேலையோ.

திரும்பும் பஸ்ஸில்
பெருந்துறை தாண்டியதும் அழ ஆரம்பித்தாள்.
தெரிந்த கீர்த்தனை எல்லாம் பாடினேன்,
சத்தமாகவே. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.
ஊத்துக்குளி போயிற்று.
அவள் நிறுத்தவில்லை.
நானும்.