எட்டு தசம் நான்கு

பெரட்டுக்களத்தில் போய் நின்றேன்.
நெஞ்சில் கட்டும் பட்டிகள் ஆறு, கைக்கடிகாரங்கள் ஆறு,
பேராதனை முத்திரையோடு ஒரு கடிதம்.
துரை கையெழுத்துப் போட்டிருந்தார்.
பெண்கள் கடிதத்தைப் பார்க்கவில்லை,
என் வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்தார்கள்.
"இதோடயா மலை ஏறப் போறீங்க?" என்றாள் வதனராணி.
பட்டியை முதலில் வாங்கியவளும் அவள்தான்.

பதினோராம் நம்பர் மலை.
ஒப்பீட்டுக்காக நானும் ஒரு பட்டி கட்டியிருந்தேன்.
முதல் வளைவு தாண்டுமுன்
சிறுநீரகத்தின் தலையில் குந்தியிருக்கும் சுரப்பி
ஊரைக் கூட்டிவிட்டது.
வயிற்றின் இரத்தத்தைக் கால்கள் கடன் வாங்கின.
காலையில் தின்ற அரை றாத்தல் பாண்
கவனிக்க ஆளில்லாமல் கிடந்தது.
பனிக்குள் நடக்கிறேன், முதுகில் வேர்வை ஓடுகிறது.
தொடை எரிவதைப் பற்றி
பாடப்புத்தகத்தில் இரண்டு வரி.
இங்கே அது நாற்பது படி.

நூற்று எழுபத்திரண்டு என்றது கடிகாரம்.

அவள் முன்னால் பேசிக்கொண்டே போனாள்,
மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்ட கொப்பிகள்,
கூரைத் தகரம், யாரோ கட்டாத சீட்டுக்காசு.
அவளுக்கு வாக்கியம் முடிந்த இடத்தில் மூச்சு.
எனக்குச் சொல்லுக்கு நடுவில்.

பதினேழு வருசம் இந்தச் சரிவு பிசைந்த கெண்டைக்கால்.
உள்ளே என்ன இருக்கும் என்று வெட்டாமலே தெரியும்:
தசை நார்களைச் சுற்றி நுண்குழாய்கள்,
தேயிலை வேர் மண்ணைப் பிடித்ததுபோல.
ஒவ்வொரு உயிரணுவிலும்
ஒன்றுக்கு நாலாக அடுப்புகள்.
வகுப்பில் இதற்கு மரதன் ஓட்டக்காரர்களின் படம் காட்டுவோம்.
அவள் இதயம் நிதானமாக, நிறைய நிறைய இறைக்கும் என்று
கொட்டகலையில் பஸ் நின்றபோதே
முடிவுரையை எழுதிவைத்திருந்தேன்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் பட்டியைப் பார்த்தேன்.
கூடையில் பதினொரு கிலோ.
அவளுக்கு நூற்று ஐம்பத்தெட்டு.
பத்து நிமிடம் குந்தியிருந்த பிறகும் தொண்ணூற்றாறு.
கருவியில் கோளாறு என்று நினைத்தேன்.
அவளுடையதை நானும் என்னுடையதை அவளும்
மாற்றிக் கட்டினோம்.
எண்கள் ஆளோடு போயின.

சாயம் ஏறிக் கறுத்த விரல்நுனி.
ஊசி இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது.
ஒரு சொட்டு. கருவி யோசித்துச் சொன்னது:
எட்டு தசம் நான்கு.

அந்த நேரம் அவள் கணுக்காலிலிருந்து
ஓர் அட்டை நிறைந்து விழுந்தது.
சவர்க்காரத் துண்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:
"இது கேக்காம எடுக்குது.
நீங்க கடிதாசியோட எடுக்கிறீங்க."

சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

அரை லோடு ஏற்றிய லொறி
இரண்டு தடவை ஓட வேண்டும்.
அதுதான் அந்த நூற்று ஐம்பத்தெட்டு.
மலை கேட்க கேட்க உடம்பு கொடுத்திருக்கிறது,
எலும்பைத் தடிப்பாக்கி, குழாயை அகலமாக்கி, நெஞ்சை விரித்து.
இரும்பு மட்டும் ஏறி இறங்கி வருவதில்லை.
அது தட்டில் வர வேண்டும்.
தட்டில் ரொட்டி, பக்கத்தில் சாயத்தண்ணி,
வருகிற கொஞ்சத்தையும்
வாசலிலேயே பிடித்துவைக்கிற சாயத்தண்ணி.

"மாத்திரை குடுத்தாங்களா?"
"குடுத்தாங்க. வயித்தப் பிரட்டுது.
ரெண்டு நாள் நெற கொறஞ்சு அரப்பேரு போட்டாங்க.
அலுமாரியில கெடக்கு."
பிறகு கேட்டாள்,
"மலையில ஆருக்குக் கூட? எனக்கா ஒங்களுக்கா?"
"எனக்கு."
"அப்ப நாந்தான் முதல்," என்று
படங்கை இறுக்கிக்கொண்டு எழுந்தாள்.

என் படிவத்தில் அகலமான கட்டங்கள் பதினான்கு.
வேறு குறிப்புகள் என்ற கடைசிக் கட்டம்
இரண்டு விரல் அகலம்.
அதில் அலுமாரி என்று எழுதினேன். அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.

ஹட்டன் பஸ்ஸில்தான் கவனித்தேன்,
பட்டியைக் கழற்ற மறந்திருந்தேன்.
ஜன்னலோர இருக்கை. மடியில் பை.
எதையும் ஏறவில்லை நான்.
நூற்று நான்கு.