யாரும் சாகாத ஒன்று

ஞாயிறு காலை, மொண்டேவிடியோ.
சந்தைத் தெருவில் இந்தப் பக்கம் தக்காளி,
அந்தப் பக்கம் கூண்டில் முயல்குட்டிகள்,
நடுவே என் பழைய புத்தகப் பலகை.

ஸுல்மா வந்தாள், பேருந்து ஓட்டுகிறவள்,
அக்குளில் ஃபிளாஸ்க், கையில் மாத்தே குடுவை.
“பெண்ணைக் காதலிக்கிற பெண்.
கடைசிப் பக்கத்தில் சாகக் கூடாது.”
எடுத்துக் கொடுத்தேன்.

மறுவாரமே திரும்பி வந்தது.
“சாகவில்லை, சரி. ஆனால் எவ்வளவு நல்லவள், அடேயப்பா!
ஒரு பொய் இல்லை, ஒரு கடன் இல்லை.
இவளோடு அரை ஷிஃப்ட்கூடத் தாங்காது எனக்கு.”

குனிந்து பெட்டிகளைக் கிளறினேன்.
காதலியின் சைக்கிளை விற்றுச் சூதாடுகிற ஒருத்தி
அட்டை கிழிந்து கிடந்தாள்.
கேஸ் பில்லுக்காக நாற்பது வருடம்
ஒரே கட்டிலில் சண்டை போடும் இரண்டு கிழவர்கள்
(இது எனக்குப் பிடித்தது, தர மனமில்லை).
யார்மேலும் ஆசை வராத,
அதற்காக ஒருநாளும் வருந்தாத பல் டாக்டர்.
அப்புறம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் திருநம்பி:
உடம்பைப் பற்றிப் பேச்சே இல்லை,
உயரம் என்றால் அவனுக்குப் பயம்,
அவ்வளவுதான் கதை.

கிரேனை எடுத்துப் போனாள்.

மூன்று வாரம் ஆளைக் காணோம்.
பிறகு புத்தகம் மட்டும் வந்தது, கண்டக்டர் பையன் கையில்.
எண்பத்தெட்டாம் பக்கம், அவன் ஏணியில் இறங்கும் இடம்,
மாத்தே கறை,
ஓரத்தில் பென்சிலில்:
“இங்கே ஏழு நிமிடம் தாமதம். பயணிகள் மன்னிக்க.”

ரப்பரை எடுத்தேன். வைத்துவிட்டேன்.
விலையில் இருபது பெசோ கூட்டி
முயல் கூண்டுப் பக்கமாய்
வெயில் படாமல் நிறுத்தினேன்.