முன்பக்கச் சொட்டு

பின்னால் பதினாறு பெட்டி.
சாளை, நெத்திலி, அடியில் ஐஸ், மேலேயும் ஐஸ்.
குளச்சலில் வாரிப் போட்ட குளிர்.
முன்னால் நான்,
சூடு ஊதும் ஓட்டைக்கு எதிரே
மூடி போட்டு அவிகிற மரச்சீனி.

செத்த மீனுக்குள்ள மரியாதை
ஓட்டுகிறவனுக்கு இல்லையே என்று
போனில் சிரித்தாள் ஜெர்லின்.

திங்கள்நகரில் ஒருவன் கேஸ் நிறைத்தான். ஆயிரத்து எண்ணூறு.
இரணியலில் ஒருவன் அதை இறக்கிவிட்டு
வேறு கேஸ் நிறைத்தான். இரண்டாயிரத்து இருநூறு.
தக்கலைக்காரன் பானட்டைத் திறக்கவே இல்லை.
கம்ப்ரசர் போச்சு என்றான்
வாயில் சிக்கிய முள்ளைத் துப்புகிற மாதிரி.

விலை கேட்ட நாளிலிருந்து கண்ணாடியை இறக்கித்தான் ஓட்டம்.
எதிரே கல் ஏற்றிய லாரிகள்.
களியக்காவிளை போய்ச் சேர்வதற்குள்
பல்லுக்கிடையில் ஒரு மலை நறநறக்கும்.

கருங்கல் சந்தைக்குப் பின்னால், அயினி மரத்தடியில்
ரெக்ஸ்லின்.
மீட்டர் எதுவும் எடுத்துவரவில்லை.
என் கையைப் பிடித்து ஒரு குழாயில் வைத்தான்.
விறைத்தது. ஈரம்.
பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த அயலைபோல.

“குளிரு இருக்குல்லா?
ஒங்கிட்ட வந்து சேருகதுக்குள்ள
எவனோ சூடாக்குதான். அவன் ஆருன்னு பாப்போம்.”

அவன் ஆள்காட்டி விரல் போய் நின்றது
இரண்டு ரப்பர் ஹோஸில்.
ஹீட்டராம்.
மார்கழிப் பாதிராவிலும் ஃபேன் சுற்றுகிற ஊரில்
என் வண்டிக்குள் யார் வைத்தது இந்த அடுப்பை?
எங்கேயோ பனி பெய்கிற ஒரு தேசத்தை நினைத்து
எவனோ வரைந்த படம்.
ஆறு வருஷமாக அதைச் சுமந்துகொண்டு
மீன் விற்றிருக்கிறேன்.

உள்ளே ஒரு சின்னக் கதவு.
அதைத் திருப்பும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில்
ஒரு பல் இல்லை.
கதவு பாதியில் நின்றுவிட்டது,
அடைக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை.
டேஷ்போர்டு முழுக்கக் கழற்றினால்
ஒன்றரை நாள், நாலாயிரம்.

“இல்லேன்னா இந்த ஹோஸ்ல ஒரு குழாத் திருகு போடலாம்.
சூட்டுத் தண்ணி உள்ள போனாத்தானே சூடு?”

போடு என்றேன்.
எஞ்சின் ஆறணும் என்றான், இல்லாவிட்டால் மூஞ்சி வெந்துவிடும்.
முன்னால் ஆறுகிறது,
பின்னால் உருகுகிறது.
நாற்பது நிமிஷம்
ஒரே வண்டியில் இரண்டு கடிகாரம்.
நான் டீ குடித்தேன் என்று சொல்ல முடியாது,
கிளாசைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பின்சக்கரத்தடியில் மீன்தண்ணி நக்க
ஒரு பூனை வந்தது. இன்னொன்றும் வந்தது.

பித்தளைத் திருகு ஒன்று, கிளாம்ப் இரண்டு.
முந்நூற்று எழுபது ரூபாய்.
“மூணாறுக்கு லோடு கிட்டினா தொறந்து வுடு.”
அதையும் சிரிக்காமல்தான் சொன்னான்.

மார்த்தாண்டம் பாலத்தில் ஏறும்போது
கைமுடி சிலிர்த்தது.
கல் லாரி ஒன்று எதிரே வந்து
சத்தமில்லாமல் போயிற்று.

களியக்காவிளை தாண்டினதும் கை காட்டினார்கள்.
காக்கிக்காரர் குனிந்து பார்த்தார்.
இடது முன்சக்கரத்தருகே சொட்டுச் சொட்டாய்த்
தார் கறுத்திருந்தது.
“மீன்வெள்ளம் ரோட்டிலா? ஃபைன் உண்டு.”

மணத்து நோக்கு சாரே என்றேன்.

ஒரு விரலை நீட்டி ஒரு சொட்டு வாங்கினார்.
மணந்தார்.
நம்பாமல் மறுபடியும் மணந்தார்.
உச்சிவெயில், நிற்க நிழல் கிடையாது,
அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“ஏசியோ?”
“ஏசிதான் சாரே.”

இன்னும் ரெண்டு மூன்று சொட்டு விழும்வரை
உள்ளங்கையை அங்கேயே வைத்திருந்தார்.
பிறகு காலரைத் தளர்த்திப்
பிடரியில் தடவிக்கொண்டு
போ என்று தலையாட்டினார்.

பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை.