மூன்றாம் தரப்பு

கொம்பனித்தெரு, பதினோராம் மாடி.
பேரை வாவியின் வாடை ஏசிக்குள்ளும் வரும்.
இரவு இரண்டு மணிக்கு
இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே
தரகு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று, எங்கள் வேலைச்சீட்டுகள் குவிந்து கிடக்கும் கருவி.
யாரோ செய்தது, மாத வாடகைக்கு எடுத்தது.
மற்றது, செயற்கை அறிவுகளை மேய்க்கும் தளம்.
எந்த மொடல் எதைத் தொடலாம்,
எவர் கணக்கில் எவ்வளவு கரைந்தது,
எல்லாவற்றுக்கும் அதுதான் கணக்கப்பிள்ளை.
பேரேட்டை மட்டும் இன்னும் யாரும் காட்டவில்லை.

படிவம் கேட்கிறது:
மூன்றாம் தரப்புக்கு அனுமதி அளிக்கிறீர்களா?

இந்த நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டால்
ஒரு நீள மேசை, பூச்சாடி,
கையைக் குலுக்கிக்கொண்டே கமராவைப் பார்க்கும் முகங்கள்
வராமல் இருக்குமா?
'வாசிக்க' என்பதற்கு மட்டும் புள்ளடி போட்டேன்.
எழுத, வேண்டாம்.
அழிக்க, வேண்டவே வேண்டாம்.

டோக்கன் வந்தது, நாற்பது எழுத்தில்.
இப்போதே பிரதி எடுங்கள், மீண்டும் காட்டப்படாது.
ஒட்டினேன். 403.
வாலில் ஒரு வெற்றிடம் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறது.
அதை நறுக்கும்போது
ரிஸ்மியா மீன்பணிசைப் பிய்த்துப் பாதியை நீட்டினாள்,
தன் திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

பச்சை.

நாலாயிரத்துச் சொச்சம் சீட்டுகளையும்
பிளேன்ரீ ஆறுமுன் படித்து முடித்த தளம்
ஒன்றே ஒன்று கேட்டது:
சீட்டு 1187 இன்னும் திறந்திருக்கிறது.
பொறுப்பாளர் இசங்க.
நாளை முடிப்பதாகச் சொல்லியிருந்தார். முடித்தாரா?

போய்ப் பார்த்தேன். 2022 ஜூன்.
சிங்களத்தை ஆங்கில எழுத்தில் தட்டியிருக்கிறான்:
பெற்றோல் கியூவில் நிற்கிறேன் மச்சாங்,
டோக்கன் கிடைத்துவிட்டது, நாளைக்கு முடிச்சுத் தாறேன்.

பிழையில்லாமல்தான் விளங்கியிருக்கிறது.
நாளை என்றால் நாளை என்று
நம்பியதுதான் பிழை.

இசங்க இப்போது பேர்த்தில்,
ஏதோ குளிர்க்கிடங்கில் இரவு வேலையாம்.
வரிசையில் அவன் நின்ற அன்று
அவனுடைய இரண்டு சீட்டை நான் முடித்தேன்.
இதை ஏனோ தொடவில்லை.

மூடிவிடு என்றாள் ரிஸ்மியா.
தளத்தால் முடியாது, எழுத அனுமதியில்லை.
என்னால் முடியும்.
அப்போதுதான் தலைப்பைப் பார்த்தேன்:
'வெளியேறு' பொத்தான்
சில போன்களில் வேலை செய்வதில்லை.

சிரிப்பு வந்தது. ரிஸ்மியாவுக்கும் காட்டினேன்.
அவள் சிரிக்கவில்லை,
அவளுடைய விசா இன்னும் வரவில்லை.

கீழே முதல் ரயில் கோட்டைப் பக்கம் போனது.
பொறுப்பாளர் கட்டத்தில் என் பெயரை இட்டேன்.
குறிப்பில் 'நாளைக்கு' என்று தட்டி,
அழித்துவிட்டுத்
திகதி போட்டேன்.
அது கேட்கும்.