சட்டிக் கணக்கு

கண்மாய் செல்லூருக்குள் வந்து போய் மூன்று நாள்.
தண்ணீர் வடிந்துவிட்டது,
சகதிக்குத்தான் போக மனமில்லை.
ஏழாவது தெருவின் அகலம் ஒரு கட்டில்.
முனையில் மூக்கை நுழைத்துப் பார்த்த ஜேசிபி
வந்த வழியே பின்னால் போய்விட்டது.

கார்த்திகைக் குளிரில் காலை ஐந்தரை.
பதினெட்டுப் பேர் வருவதாகச் சொல்லி
ஏழு பேர் வந்திருந்தோம்.
மம்பட்டி மூன்று, சிமெண்டுச் சட்டி ஐந்து,
கோவர்த்தனன் கல்யாண மண்டபத்திலிருந்து
கேட்டோ கேட்காமலோ எடுத்துவந்த சாம்பார் வாளி ஒன்று.
நூர்ஜகான் அக்கா மகனுடைய பூட்ஸில் வந்தார்.
இரண்டடி நடந்ததும் கால் வந்தது,
பூட்ஸ் வரவில்லை.
என் லோடு ஆட்டோ மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது.

தனியாக இருக்கும் வயசாளிகள் வீடு முதலில்
என்று பேசி வைத்திருந்தோம்.
பட்டியலில் ஐந்து வாசல்.

இன்னாசியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
நடையிலேயே மறித்தார்.
"ஒவ்வொரு சட்டியும் பாத்துக் கொட்டுங்கய்யா,
எம் பல்செட்டு இதுக்குள்ளதான் கெடக்கு.
எண்ணாயிரம் ரூவா."
கையால் துழாவித் துழாவிக் கொட்டினோம்.
இட்லித் தட்டு வந்தது. ஒரு விரால் வந்தது, செத்து.
யாரோ ஒருவரின் கீழ்ப்பல் வரிசையும் வந்தது.
குடத்துத் தண்ணீரில் கழுவி
வாயில் வைத்துப் பார்த்தார்.
எடுத்துவிட்டார்.
"இது வேற ஆளுது."
மதில்மேல் வைத்தோம்.
தெருவைப் பார்த்து நாள் முழுக்க அது சிரித்தது.

எங்கே கொட்டுவது என்று
வரும்போது யாரும் யோசித்திருக்கவில்லை.
சகதியை எடுக்கலாம், இல்லாமல் ஆக்க முடியாது.
மெயின் ரோடு வரை சுமந்தால் தோள் கழன்றுவிடும்.
எதிரே பச்சைக் கதவு,
வெளியே பூட்டு.
ஆளில்லாத வீடுதான் என்று யார் சொன்னது,
ஞாபகமில்லை.
நானாகவும் இருக்கலாம்.
அங்கே கொட்டினோம்.

வெயில் ஏறி, குவியலும் ஏறி
ஜன்னலில் பாதியை மூடியபோது
உள்ளே யாரோ இருமினார்கள்.

மம்பட்டிகள் நின்றன.

"தம்பி, முந்நூத்திப் பன்னெண்டு சட்டி ஆச்சு.
இன்னும் எவ்வளவு வரும்?"

பெயர் ஒச்சப்பன்.
அரிசி மண்டியில் மூட்டை எண்ணியவர்.
இரண்டு வருடமாகக் கால் வராது.
மகனுக்குக் கப்பலூரில் கம்பெனி வேலை,
பூட்டிவிட்டுப் போனால் ராத்திரி எட்டுக்குத்தான் திறப்பு.
இதெல்லாம் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து
சாவகாசமாகச் சொன்னார்.

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமேய்யா"
என்றார் நூர்ஜகான் அக்கா.
"எல்லாரும் வேலையா இருந்தீங்க."

அதற்குப் பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
எடுத்ததையே திரும்ப எடுத்தோம்.
காலையில் இருந்த எடை இல்லை அது.
இரண்டு பேர் ஷிப்ட் இருக்கிறது என்று போனார்கள்,
இருந்திருக்கும்.
மெயின் ரோடு வரை ஆளுக்கு ஆள் கைமாற்றினோம்.
இடையில் இன்னாசியம்மாவும் நின்றார்,
பிளாஸ்டிக் முறத்தோடு,
அப்போதும் துழாவியபடி.

உள்ளே எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது.
நூத்தி நாப்பது. நூத்தி நாப்பத்தொண்ணு.
கோவர்த்தனன் கை ஓய்ந்து
கொஞ்சமாய் அள்ளியபோது
"அது அரைச் சட்டி" என்றது ஜன்னல்.
அவன் சிரித்துவிட்டுத் திரும்ப அள்ளினான்.

கரண்டு இன்னும் வரவில்லை.
எட்டேகாலுக்கு மகன் செல்போன் வெளிச்சத்தோடு வந்தான்.
கழுவிவிட்ட படியைப் பார்த்தான்.
இடுப்புவரை மண்ணாய் நின்ற எங்களைப் பார்த்தான்.
சாவி கையில் கொஞ்ச நேரம் இருந்தது.
அவன் ஒன்றும் கேட்கவில்லை,
நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை.

கதவு திறந்தது.
கட்டிலில் கால்களை மேலே தூக்கி வைத்து
சுவரில் சாய்ந்திருந்தார் ஒச்சப்பன்.
ஒவ்வொரு முகமாக வெளிச்சத்தில் பார்த்தார்,
குரலோடு ஒட்டவைத்துப் பார்ப்பவர்போல.
"ஒம்போது சட்டி பாக்கி நிக்கிது" என்றார்.
பிறகு,
"அந்தம்மாவுக்குப் பல்லு கெடச்சுதா?"

இல்லை என்றோம்.