ஏழு விநாடிக் கீரி

கீரிப்பிள்ளை கொக்கிடம் சொல்ல வேண்டும்:
"முட்டையா? நான் பார்க்கவே இல்லையே."
ஏழு விநாடி. நூற்று அறுபத்தெட்டு ஃப்ரேம்.
மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருக்கிறது,
ஒரே ஒரு வரிக் குறிப்போடு:
கீரி பேசுகிறது, பொய் சொல்லவில்லை.

வாய் சரியாகத்தான் அசைகிறது.
வாலுக்கென்றே ஒரு நாள் போயிற்று.
முதுகு மயிர் காற்றில் சிலிர்க்கிறது,
எந்தக் காற்று என்று கேட்டால் எனக்கே தெரியாது.
டோல்கேட் பக்கம் கன்டெய்னர் லாரி திரும்பும்போதெல்லாம்
மேசை அதிர்ந்து பேனா வழுக்குகிறது.
அந்தக் கோணல் கோட்டில் இருக்கும் உயிர்கூட
அழித்துத் திருத்திய கோட்டில் இல்லை.

கண்ணாடி முன் நானே சொல்லிப் பார்த்தேன்.
பொய் வராது என்றில்லை எனக்கு,
பார்த்துக்கொண்டே சொல்ல வரவில்லை.

கீழ்வீட்டு ஏகாம்பரம் அண்ணன்
காசிமேட்டில் ஐஸ் உடைப்பவர்.
மூவாயிரம் வாங்கி ஐந்து மாதம்.
படியில் எதிர்ப்பட்டால்
முதலில் கண் என் செருப்புக்கு இறங்கும்,
தலை கொஞ்சம் தாமதமாய்ப் பின்னால் வரும்,
வலது கை குறுக்கே ஏறி இடது காது மடலைத் தேய்க்கும்,
தேய்த்து முடித்த பிறகுதான் வாய்:
"வர்ற வெள்ளிக்கெயம குட்துர்றேம்மா."

அன்றிரவே கீரிக்குக் கொடுத்தேன் அதை.
தலையைவிட நான்கு ஃப்ரேம் முன்னதாகக் கண்.
இமையைப் பாதியில் நிறுத்தினேன்.
முன்னங்காலைக் காதுவரை கொண்டுபோய்
எட்டு ஃப்ரேம் ஒன்றும் செய்யாமல் விட்டேன்.
ஓட்டிப் பார்த்தால்,
தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று
கீரிக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

நான்கு மணிக்கு ஏற்றுக்கொண்டார்கள்.
ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது பதிலாக.

விடிந்ததும் பால் வாங்க இறங்கினேன்.
ரப்பர் பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்ட
அண்ணன் படியேறி வந்துகொண்டிருந்தார்.
கண் இறங்கியது.
தலை, தாமதமாய்.
பாவி, நான் எண்ணத் தொடங்கிவிட்டேன்.
கை காதுக்குப் போனது, ஐந்து, ஆறு,
ஏழு, எட்டு,
வாய் திறக்கவில்லை.
சட்டைப் பைக்குள் போன கை
பிளாஸ்டிக் கவரில் சுற்றிய நோட்டுகளோடு வெளியே வந்தது.
ஈரம். மீன் வாடை. ஆறு ஐந்நூறு.
"எண்ணிக்கோம்மா."

எண்ணவில்லை.
காதுக்கு என்ன அண்ணா என்று கேட்டேன்.
"ஐசுல நின்னு நின்னு மரத்துப்பூட்ச்சி.
தேச்சாதான் காது கீதுன்னே தெரியும்."

மேலே வந்து ஃபைலைத் திறந்தேன்.
கீரி காதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது.
திரும்ப ஓட்டினேன். திரும்பவும்.
குளிர்கிறதோ அதற்கு?
முட்டையை நிஜமாகவே பார்க்கவில்லையோ?

மாற்ற முடியாது, ரெண்டருக்குப் போய்விட்டது.
அடுத்த ஷாட் கொக்குடையது, வேறு ஆள் வரைகிறார்.
பால் பொங்கும் சத்தம் கேட்டும் எழாமல்
அவருக்கு ஒரு வரி தட்டினேன்:

நம்பாமல் போக
கொக்கு கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளட்டும்.